வாய் காய்கிறது என்று நீ சொன்ன பிறகு

கோமதி, வேலையெல்லாம் முடித்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு இதைப் படி. இது சீக்கிரம் முடிகிற கடிதம் இல்லை. எனக்கு எதையும் சுருக்கிச் சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும். முருங்கைக்கீரை வாங்கப் போன கதையைச் சொன்னால்கூட, அது யார் வீட்டு மரம், அவர்கள் பெண்ணை எந்த ஊரில் கொடுத்திருக்கிறார்கள் என்றெல்லாம் சுற்றிவிட்டுத்தான் கீரைக்கு வருவேன். போனில் சொல்லிப் பார்த்தேன். பயங்காட்டாதே என்று சொல்லிவிட்டு நீ போனை வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை. எடுத்தாலும் நீளமாகப் பேச என்னால் முடியாது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பாதியில் நின்றுபோகும். அதனால்தான் மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். பிழை இருந்தால் மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொள். வாய் காய்கிறது என்று சொல்கிற பொம்பளை யாராவது உனக்குத் தெரிந்திருந்தால் அவளுக்கும் இதைக் கொடு. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போகிற போக்கில் ஒன்று சொன்னாய். உனக்கு அது ஞாபகம்கூட இருக்காது. "இட்லி தொண்டைல எறங்க மாட்டேங்கும்மா. ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி குடிக்கேன். கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது. மசக்கைச் சூடுன்னு அத்தை சொல்லுதாங்க." மாமியார் சொன்னதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. உள்ளே சவரம் செய்துகொண்டிருந்த உன் அப்பா பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வெளியே வந்து நின்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டோம். நீ அந்தப் பக்கம் மாப்பிள்ளை வாங்கி வந்த மாம்பழத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போனாய். எனக்கு ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. உனக்கு நாலாம் மாதம் பிறந்திருக்கிறது. இந்த வாரத்திலேயே ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும். அது உன் வயிற்றில் இருக்கிற பிள்ளையின் நெஞ்சுக்காக. நான் கேட்பது அது ஒன்றுதான். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

எனக்குக் கன்னத்தில்தான் ஆரம்பித்தது. நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். ஒருநாள் காலையில் எழுந்தால் இரண்டு கன்னமும் காதுக்குக் கீழே வீங்கிப்போய், கண்ணாடியில் பார்த்தால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. பொன்னுக்கு வீங்கி என்றார்கள். சுரண்டையிலிருந்து உன் பெரிய அத்தை, அப்பாவின் அக்கா, தன் இரட்டை வடச் சங்கிலியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்து என் கழுத்தில் போட்டுவிட்டாள். பொன் பட்டால் வீக்கம் வடியும் என்று நம் பக்கத்தில் செய்வதுதானே. வேப்பிலை அரைத்துப் பூசினாள். வீக்கம் வடிந்தது. சங்கிலிக்கு நல்ல பெயர் கிடைத்தது. அடுத்த வருஷம் மறுபடியும் வீங்கியது, மறுபடியும் சங்கிலி வந்தது. அதற்கு அடுத்த வருஷமும் அப்படியே. அந்தச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போய்வந்தேன், நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். பொன்னுக்கு வீங்கி ஓர் ஆளுக்கு ஒரு தடவைதான் வரும் என்று இப்போது டாக்டர் சொல்லித்தான் தெரிகிறது. எனக்குக் கோயில் கொடை மாதிரி வருஷம் தவறாமல் வந்தது. அது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

பிறகு வாய். பஸ்ஸில் போனால் கையில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் முடியாது. கொடையில் குலவை போட வாயைத் திறந்தால் நாக்கு புரளாது. வெறும் காற்றுதான் வரும். சூடு என்று நினைத்துக்கொண்டு நுங்கு, மோர், வெந்தயம் என்று ஓட்டினேன். அப்புறம் உன் தாத்தா இறந்தார். என் மாமனார் என்று பெயர்தான், சுரண்டைச் சந்தைக்குப் போய்வந்தால் எனக்கென்று தனியாக ஒரு மிக்சர் பொட்டலம் மடியில் இருக்கும். மற்றவர்கள் பார்க்காதபடி அடுக்களை ஜன்னலில் வைத்துவிட்டுப் போவார். அப்படிப்பட்ட மனுசன். பொம்பளைகள் எல்லாம் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். எனக்கு நெஞ்சு குலுங்குகிறது, கண்ணில் மட்டும் ஒன்றும் இல்லை. மிளகாய் பட்டது போல எரிகிறது, ஒரு சொட்டு வரவில்லை. உன் பெரிய அத்தை என் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "எங்கப்பா ஒன்னய மக மாதிரில்லாட்டி வச்சிருந்தாரு. ஒரு சொட்டு வரலையே ஒங்கண்ணுல" என்றாள். அழுதுகொண்டிருந்த அத்தனை பேரும் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் முந்தானையால் வெறும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்குக் கல்நெஞ்சுக்காரி என்று பெயர். நானே அதை நம்பத் தொடங்கிவிட்டேன், கோமதி. நமக்கு உள்ளே என்னவோ வற்றித்தான் போய்விட்டது போல என்று இருந்தேன்.

உடம்பைப் பற்றி ஒருத்தரும் நினைக்கவில்லை. பல் உடைந்த பிறகுதான் நினைத்தார்கள். தென்காசியில் கோயிலுக்குப் போய்விட்டுத் தெருமுனைக் கடையில் ரசவடை சாப்பிட்டோம். ரசத்தில் ஊறிப்போன வடை, அதைக் கடித்து ஒருத்திக்குப் பல் உடைந்தது என்றால் நம்புவாயா? உன் அப்பா கடைக்காரனோடு சண்டைக்குப் போய்விட்டார், வடையில் கல் என்று. ரிட்டையர் ஆகியும் ஏட்டையா குரல் போகவில்லை. கல் இல்லை, என் பல்தான். அங்கே ஒரு பல் டாக்டரிடம் போனோம். அவர் வாய்க்குள் விட்ட சின்னக் கண்ணாடி என் கன்னத்தின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டது. ஈரம் இருந்தால் வழுக்கியிருக்கும். அவர் அதைப் பைய எடுத்துவிட்டு, தண்ணீர் இல்லாமல் ஒரு பிஸ்கட் சாப்பிட முடியுமா என்று கேட்டார். பிஸ்கட்டா, நான் வருஷக்கணக்காகச் சோற்றையே தண்ணீரோடுதான் விழுங்குகிறேன் என்றேன். அவர் பல்லைத் தொடாமல் திருநெல்வேலிக்கு ஒரு டாக்டரம்மாவிடம் எழுதிக் கொடுத்தார்.

அந்த டாக்டரம்மா உன் வயசுதான் இருப்பாள். செங்கோட்டைப் பக்கத்துப் பெண் என்று பேச்சிலேயே தெரிந்தது. என் கீழ் இமைக்குள் ஒரு காகிதத் துண்டை மாட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னாள். எடுத்துப் பார்த்தால் காகிதம் மாட்டினபோது இருந்த மாதிரியே காய்ந்து கிடந்தது. பிறகு கீழ் உதட்டின் உள்ளே கடுகளவு சதை எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். உதட்டில் தையலோடு நான் வீட்டில் பேசாமல் கிடந்தபோது, இந்த வீட்டில் இவ்வளவு அமைதியா என்று உன் அப்பா போய் வாசலில் நின்று பார்த்தார். அவருக்கு அந்தக் குசும்பு எப்போதும் உண்டு.

ரிசல்ட் வந்த அன்று அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். சாப்பாட்டைப் பார்த்ததும் மூளையிலிருந்து நரம்பு வழியாக உமிழ்நீர்ச் சுரப்பிக்கு ஒரு சேதி போகும், தண்ணீர் விடு என்று. சுரப்பிக்கு அதைக் கேட்கக் காது மாதிரி ஒன்று இருக்கிறது. நம் உடம்பில் கிருமியை அடிக்க ஒரு படை இருக்கிறது அல்லவா, அது எனக்கு ஆள் தெரியாமல் அந்தச் சுரப்பிக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துவிட்டது. கொஞ்சத்தை அழித்தும் விட்டது. ஆனால் முழுக்க அழிக்கவில்லை, பாதிக்கு மேல் உயிரோடுதான் இருக்கிறது. அப்படியும் ஏன் தண்ணீர் விடவில்லை என்றால், அந்தப் படை எறிகிற என்னவோ ஒன்று போய்ச் சுரப்பியின் காதை அடைத்துவிடுகிறது. நரம்பு கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, சுரப்பிக்குக் கேட்கவில்லை. நரம்பும் படையும் எப்போதும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டுதான் இருக்குமாம், அந்தப் பேச்சு தப்பிப்போனதுதான் இந்த நோயாம். கண்ணுக்கும் அதே கதை. நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். உன் அப்பாவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "கன்ட்ரோல் ரூம்ல இருந்து மைக்ல கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. ஸ்டேஷன்ல ஆளும் இருக்கான். ஆனா நம்ம போலீஸே போயி வயர்லெஸ் செட்டை அமுக்கிப் போட்டுட்டான். அதான டாக்டர்?" அந்தப் பெண் சிரித்துவிட்டாள். இதைவிட நன்றாகத் தன்னாலும் சொல்ல முடியாது என்றாள். அவருக்கு ஒரே பெருமை.

அந்தச் சிரிப்போடுதான் அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள். எத்தனை குழந்தைகள் என்று. ஒரு பெண் என்று நான் சொன்னேன். எப்போதும் அப்படித்தான் சொல்வேன். பக்கத்திலிருந்து உன் அப்பா, "ரெண்டு. ஒண்ணு தங்கல" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்ததில்லை.

உனக்கு மூன்று வயசு அப்போது. உனக்கு ஒரு தம்பி பிறந்தான் என்று தெரியும், இருக்கவில்லை என்று தெரியும், அதற்கு மேல் நாங்கள் சொன்னதில்லை. நல்ல எடையோடுதான் பிறந்தான். கை கால் எல்லாம் திட்டமாக, உன் அப்பா மூக்கு. ஆனால் நெஞ்சு மெதுவாக அடிக்கிறது என்றார்கள். நான் அவன் நெஞ்சில் விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு அடி அடித்துவிட்டு யோசித்து யோசித்து அடுத்ததை அடித்தது. மறுநாள் சாயங்காலம் அதுவும் நின்றுவிட்டது. ஏன் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

இதை நான் சொல்லச் சொல்ல அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். என் ரத்தத்தில் இப்போது கண்டுபிடித்திருக்கிற, அந்தப் படை எறிகிற பொருள் வாய் காய்வதற்குப் பல வருஷம் முன்பே வந்து உட்கார்ந்திருக்கலாம் என்றாள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அது தொப்புள்கொடி வழியாக உள்ளே போகுமாம். நெஞ்சு அடிப்பதற்கும் உள்ளுக்குள்ளே மேலேயிருந்து கீழே ஒரு சேதி போகிற பாதை இருக்கிறதாம், சில பிள்ளைகளுக்கு அந்தப் பாதையைப் போய்க் கெடுத்துவிடுமாம். "நெஞ்சு நல்லாத்தான் இருக்கும்மா. அடிங்கிற சேதிதான் போய்ச் சேராது" என்றாள். உங்கள் பிள்ளைக்கு இதுதான் என்று இத்தனை வருஷம் கழித்துத் தன்னால் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் கேட்கும்போது அப்படித்தான் தோன்றுகிறது என்றாள்.

நான் மேலே மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பாதான் பேசினார். "அப்போ அருவித் தண்ணி இல்லையா டாக்டர்?"

அவளுக்குப் புரியவில்லை. உனக்கும் புரியாது. உன் தம்பி வயிற்றில் ஆறு மாசமாக இருந்தபோது நல்ல சாரல். அப்பாவுக்குக் குற்றாலத்தில் சீசன் டூட்டி. விசில் ஊதிக் கூட்டத்தை ஒழுங்கு செய்வது, தண்ணீர் கூடினால் ஆட்களை வெளியே விரட்டுவது. எனக்கு அருவியில் தலையைக் கொடுக்க வேண்டும் என்று ஒரே ஆசை. பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டுக் கேட்டால் புருஷன்காரன் மறுக்கக் கூடாது இல்லையா, அவர் ஐந்தருவிக்குக் கூட்டிப்போனார். தண்ணீர் மெதுவாக விழுகிற ஓரத்தில், ஒரு பெண் போலீஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தலையில் விழுந்த தண்ணீர் முதுகெல்லாம் தட்டிக்கொடுத்தது. எனக்கு என் ஆயுசில் அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை. பிள்ளை போன பிறகு உன் பெரிய அத்தை அவரை முற்றத்தில் நிறுத்திக் கேட்டாள். "ஆறு மாசப் புள்ளத்தாச்சிய எவனாவது அருவிக்குக் கூட்டிட்டுப் போவானாலே? தண்ணி புள்ள நெஞ்சுல எறங்கிட்டுல்லா." எல்லாரும் ஆமாம் என்றார்கள். நெஞ்சு குளிர்ந்துபோய்த்தான் மெதுவாக அடித்தது என்று ஊரே நம்பியது. எனக்கும் வேறு காரணம் தெரியவில்லை. அதோடு அவர் குற்றாலம் டூட்டியே கேட்டதில்லை. ராயகிரி, சிவகிரி என்று எங்கே தூக்கிப் போட்டாலும் போனார், சீசன் என்றால் மட்டும் யார் காலிலாவது விழுந்து மாற்றிக்கொள்வார். கூட்டம் பிடிக்காது என்று சொல்வார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் டீ வாங்கினார். குடிக்காமல் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே, "நான்தான் அவனக் கொன்னுட்டேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்ட்டி" என்றார். கோமதி, நான் அவரோடு எத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறேன். ஒரே தட்டில் மிச்சம் வைத்துச் சாப்பிட்டிருக்கிறோம். இந்த மனுசன் உள்ளே இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு யூனிபார்ம் மாட்டிக்கொண்டு போய்வந்தது எனக்குத் தெரியாது. நோய் என்று சொன்னபோதுகூட எனக்கு இப்படி ஆகவில்லை. கால் தரையில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். அடுத்த நிமிஷமே இன்னொன்று உறைத்தது. அருவி இல்லை, அவர் இல்லை என்றால், என் ரத்தம். "அப்போ நானா?" என்று கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. "ஏட்டி, நான் இப்பத்தான் எறங்குதேன். எறங்குன எடத்துல நீ ஏறி உக்காராத." அவ்வளவுதான் சொன்னார். டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது, அதையே குடித்தார்.

அதற்குப் பிறகு டாக்டரம்மா எனக்கு ஒரு மாத்திரை கொடுத்தாள். நரம்பு சொல்ல வேண்டியதை அந்த மாத்திரை போய்ச் சுரப்பியின் காதில் உரக்கச் சொல்லுமாம். போட்டுக் கொஞ்ச நேரத்தில் முதுகெல்லாம் வியர்த்தது. பிறகு நாக்குக்குக் கீழே, எங்கிருந்தோ, ஈரம். நான் பயந்து எழுந்து நின்றுவிட்டேன். கதையைக் கேள்விப்பட்டு உன் பெரிய அத்தை சுரண்டையிலிருந்து வந்தாள். இந்தத் தடவை சங்கிலி இல்லாமல். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்பம் அன்னைக்கு எங்கப்பாவுக்கு நீ நெசமாவே அழுதியாக்கும்?" என்றாள். ஆமாம் மதினி, தண்ணி மட்டும் வரல என்றேன். "அதச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானட்டி" என்று என்னையே திட்டினாள். அவள் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான். போகும்போது தன் தம்பி தோளில் கையை வைத்துவிட்டுப் போனாள்.

இதெல்லாம் நடந்து முடிந்து, உன்னிடம் எப்படிச் சொல்வது, மசக்கையில் இருக்கிற பிள்ளையிடம் செத்த தம்பியின் கதையைச் சொல்லலாமா என்று நாங்கள் இரண்டு பேரும் மென்று விழுங்கிக்கொண்டிருந்தபோதுதான் நீ போனில் வாய் காய்கிறது என்று சொன்னாய். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரலாம் என்று டாக்டரம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும். மசக்கையில் எல்லாருக்கும் வாய் காயும் என்பாய். காயும்தான். டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன், அதுவாகவும் இருக்கலாம் என்றுதான் சொன்னாள். இருந்தால் நல்லது, ஒரு ஊசிக் குத்தோடு போயிற்று. நான் நன்றாகத்தானே பிறந்தேன் என்பாய். எல்லாப் பிள்ளைக்கும் அது கெடுதல் செய்யாதாம், நீ தப்பினாய். உன் தம்பி வயிற்றில் இருந்தபோது எனக்கும் ஒரு குறையும் இல்லை, வாய் காயவில்லை, கண் உறுத்தவில்லை, அருவியில் நின்று சிரித்தேன். ஐந்தாம் மாதம் வரை வெளியே மூச்சு விடக் கூடாது, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையக் கூடாது என்று உன் மாமியார் சொல்வதையும் நான் தப்பாக எடுக்கவில்லை. ஆனால் பிள்ளையின் நெஞ்சு அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டு இருக்காது. அந்தப் பாதை கெடுவதாக இருந்தால் ஐந்து, ஆறு மாதத்தில்தான் கெடத் தொடங்குமாம். அதற்கு முன்னால் தெரிந்தால் பிள்ளைத்தாச்சிக்கும் கொடுக்கக்கூடிய மாத்திரை இருக்கிறதாம். ஸ்கேன் போட்டுப் பிள்ளை நெஞ்சு அடிப்பதை அடிக்கடி பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். ரத்தத்தில் அது இருக்கிற தாய்மாருக்கும் பெரும்பாலும் பிள்ளைகள் நல்லபடியாகத்தான் பிறக்கிறார்களாம். இதை நான் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். எங்களுக்கு அன்றைக்குச் சொல்ல ஒருத்தரும் இல்லை. உனக்கு நான் இருக்கிறேன்.

இன்னொன்று. ரத்தத்தில் அது இருக்கிறது என்று வந்தால், யார் கொடுத்தது என்று தேடாதே. உன்னையும் நொந்துகொள்ளாதே, அன்றைக்கு அது செய்தேன், இது தின்றேன் என்று உட்கார்ந்து யோசிக்காதே. அப்படி யோசித்து ஒரு மனுசன் தன் வாழ்க்கையில் பாதியைக் கழித்ததை நான் பக்கத்திலேயே இருந்தும் பார்க்காமல் விட்டேன். உனக்கு அது வேண்டாம்.

இதை நான் தபாலில் போடவில்லை. கையிலேயே கொண்டுவந்து உன்னிடம் கொடுத்திருக்கிறேன். நீ படித்து முடிக்கும் வரை உன் அடுக்களையில் ஏதாவது பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருப்பேன், உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மாப்பிள்ளையிடம் காலையிலேயே பேசிவிட்டோம். முடித்ததும் ஒன்றும் பேச வேண்டாம். செருப்பைப் போட்டுக்கொள். கீழே அப்பா ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிறார்.